மெதுவாக ஓடினாலும் வாட்ச் 174 காட்டுகிறது: எந்த எண்ணை நம்பிப் பயிற்சியை மாற்றலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 41, எடை 70 கிலோ. ஆறு மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறீர்கள். கையில் ஒரு வாட்ச், பாக்கெட்டில் போன், போனில் தனியாக ஒரு ஓட்ட ஆப். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போதும் வாட்ச் இதயத் துடிப்பு 172, 174 என்று காட்டி, உச்ச முயற்சி என்று சிவப்பில் எச்சரிக்கிறது. ஒரே ஓட்டத்துக்கு வாட்ச் 5 கிலோமீட்டர், 470 கலோரி என்கிறது, போன் 5.3 கிலோமீட்டர், 340 கலோரி என்கிறது. உடம்பு தெம்பாக இருக்கும் காலையில் "ரெக்கவரி குறைவு, ஓய்வெடுங்கள்" என்கிறது. விஓ2 மேக்ஸ் (கடும் முயற்சியில் உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) மாதா மாதம் இறங்குகிறது, ஆனால் அதே தூரத்தை முன்பைவிடச் சீக்கிரமாக ஓடுகிறீர்கள். இதைவிட நல்ல வாட்ச் வாங்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடட்டுமா என்று முடித்திருக்கிறீர்கள். கருவியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: இந்த எண்களில் எதைப் பார்த்து நாளைய ஓட்டத்தை மாற்றலாம், எதைப் பார்த்துவிட்டுச் சும்மா விடலாம்?

நான் படித்தது உடற்பயிற்சி உடலியங்கியல். பல வருடமாக நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாட்ச் நேரடியாக அளப்பது மிகக் கொஞ்சம்: மணிக்கட்டிலிருந்து திரும்பி வரும் ஒளி, கையின் அசைவு, செயற்கைக்கோள் சிக்னல் வந்து சேரும் நேரம். மற்றதெல்லாம் கணக்கு. ஒளியிலிருந்து துடிப்பு, துடிப்பிலிருந்து ஜோன் (உச்சத் துடிப்பில் எத்தனை சதவீதம் என்று பிரித்த முயற்சி நிலை), அதிலிருந்து கலோரியும் பயிற்சிச் சுமையும், அவற்றிலிருந்து ரெக்கவரி, விஓ2 மேக்ஸ், "உடற்தகுதி வயது" என்று மேலே மேலே போகும். ஒவ்வொரு படியிலும் ஒரு அனுமானம் உள்ளே வருகிறது. சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த எண்ணுக்காகப் பயிற்சியை மாற்றத் தயங்க வேண்டும். அதோடு, முதல் படி தவறினால் மேலே உள்ள அத்தனையும் தவறும். உங்களுடைய குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் பலமான சந்தேகம்.

வாட்சின் அடியில் பச்சையாக மினுங்குகிறதே, அதுதான் இதயத் துடிப்பு சென்சார். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும், அப்புறம் கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் வாட்ச் துடிப்பைக் கணக்கிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது, கால் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் வாட்ச் லேசாக அசைகிறது, தோலுக்கடியில் ரத்தமும் குலுங்குகிறது. அதுவும் ஒளியில் தாளம் தவறாத ஓர் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். அந்தத் தாளம் துடிப்பைவிட வலுவாகத் தெரிந்தால், வாட்ச் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் கேடன்ஸ், அதனால் ஓட்டக்காரர்கள் இதைக் கேடன்ஸ் லாக் என்பார்கள். பெரும்பாலானவர்கள் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடுகிறார்கள். 174 என்பது உங்கள் துடிப்பாகவும் இருக்கலாம், காலடி எண்ணிக்கையாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆனால் நீங்களே ஒரு துப்பு கொடுத்திருக்கிறீர்கள்: பேச முடிகிறது. உங்கள் வயதுக்கு வாட்ச் உச்சத் துடிப்பை 179 என்று வைத்திருக்கும், அதாவது 220இலிருந்து வயதைக் கழித்தது. 174 என்றால் அதில் 97 சதவீதம். அந்த அளவில் ஓடுகிறவரால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வாயைத் திறக்க முடியாது. முழு வாக்கியமாகப் பேச்சு வருகிறது என்றால் ஒன்று 174 தப்பு, அல்லது 179 தப்பு. எது என்று கண்டுபிடிக்க ஆப்பில் துடிப்பு கிராஃபையும் கேடன்ஸ் கிராஃபையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். காலடியைப் பிடித்திருந்தால், முதல் சில நிமிடம் 110, 120 என்று ஏறிக்கொண்டிருந்த கோடு சில நொடிகளில் 170க்குத் தாவியிருக்கும். அதற்கப்புறம் மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் கேடன்ஸ் கோட்டின் மேலேயே படுத்திருக்கும். நிஜமான இதயம் அப்படி நடந்துகொள்ளாது. மேடு தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏறும், மேடு முடிந்த பிறகும் உடனே இறங்காது, ஓட்டம் நீள நீள அதே வேகத்திலும் மெல்ல உயர்ந்துகொண்டே வரும்.

இன்னும் நம்பகமான சோதனை உங்கள் விரல்தான். அடுத்த ஓட்டத்தில் ஒரு கால் மணி நேரம் ஆனதும் நில்லுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வையுங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் கழுத்தின் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நின்றவுடனே எண்ணுவது முக்கியம், ஏனென்றால் ஓட்டம் நின்ற ஒரே நிமிடத்தில் துடிப்பு வெகுவாக இறங்கிவிடும். 35 வந்தால் உங்கள் துடிப்பு 140. வாட்ச் கால்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. 43 வந்தால் 172 உண்மை. அவசரத்தில் ஒன்றிரண்டு தவறும் என்பதால் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

விரலும் 172 என்றே சொன்னால் கதை வேறு. 220 கழித்தல் வயது என்ற கணக்கு 1970களின் தொடக்கத்தில், அப்போது கையில் இருந்த சில தரவுகளைத் திரட்டிப் போட்ட தோராயம். 2001இல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் 208 கழித்தல் 0.7 மடங்கு வயது என்று திருத்தினார்கள். உங்கள் வயதுக்கு இரண்டிலும் ஏறக்குறைய 179தான் வரும். சூத்திரத்தை மாற்றுவதால் இங்கே எதுவும் தீராது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உச்சத் துடிப்பு பத்து, பதினைந்து முன்னே பின்னே இருப்பது சாதாரணம். முழு ஆரோக்கியத்தோடு 195 தொடும் 41 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி இருந்தால், ஜோன்கள் எல்லாமே தள்ளிப்போய்ப் போடப்பட்டிருக்கும். வெயில், நீர் குறைவு, காய்ச்சல் விட்ட வாரம் இவையும் துடிப்பை உயர்த்தும். ரத்தசோகையும் தைராய்டும்கூட உயர்த்தும். அதனால் பேசும் வேகத்தில் விரலால் எண்ணியும் தொடர்ந்து 170க்கு மேல் வருகிறது என்றால், ஒரு மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்துவிடுங்கள். தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம், மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது இதில் ஏதாவது இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்து என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

வாட்ச்தான் தவறு என்று தெரிந்தால், முதலில் கட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒன்றிரண்டு விரல்கடை மேலே, ஓடும்போது நகராத இறுக்கத்தில் கட்ட வேண்டும், முடிந்ததும் தளர்த்திவிடலாம். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும் என்பதால் முதல் பத்து நிமிட ரீடிங்கைப் பொருட்படுத்த வேண்டாம். சென்சாருக்கு நேர் கீழே பச்சை குத்தியிருந்தால் மற்றக் கையில் கட்டுங்கள். கருத்த தோலில் இந்தச் சென்சார் வேலை செய்யாது என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை, அதனால் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட சோதனையில், தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை; அசையும்போது ஏற்பட்ட பிழைதான் ஓய்வில் இருந்ததைவிட சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. மற்ற ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை, ஆகவே இதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அசைவால் பிழை கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்டும் விதத்தை மாற்றியும் சரியாகவில்லை என்றால் நெஞ்சுப் பட்டை வாங்கலாம். அது ஒளியைப் பார்ப்பதில்லை. இதயம் துடிக்கும்போது எழும் மின்சைகையை நேரடியாகப் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத துடிப்புமானியைக் கொண்டுவந்ததிலிருந்து ஓட்டக்காரர்கள் நம்பிப் பயன்படுத்தும் முறை இது. பட்டையில் தோலைத் தொடும் எலக்ட்ரோடை ஈரப்படுத்தி, நெஞ்சுத் தசைக்குக் கீழே ஒட்டினாற்போலக் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் இதுவும் தப்பான எண் காட்டும். வேகமாக ஓடி, நின்று, மறுபடி வேகமாக ஓடும் இன்டர்வல் பயிற்சியிலும் பளு தூக்கும்போதும் மணிக்கட்டு சென்சார் பின்தங்கிவிடும். அந்த இரண்டுக்கும் பட்டையைத்தான் சிபாரிசு செய்வேன்.

தூர வித்தியாசத்துக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயரமான கட்டடங்களும் அடர்ந்த மரங்களும் இருந்தால் சிக்னல் பட்டுத் திரும்பி, கோடு இடமும் வலமும் தள்ளாடும். தள்ளாடும் கோடு நேர்கோட்டைவிட நீளம், அதனால் தூரம் கூடும். வளைவுகளை வெட்டிக் கோடு போட்டால் குறையும். எந்தக் கருவி சரி என்று பார்க்க ஆசை இருந்தால், அளவு தெரிந்த பாதை ஒன்றில் ஓடிப் பாருங்கள். 400 மீட்டர் டிராக்கில் ஓடினால் உட்பக்க முதல் லேனில் மட்டும் ஓடுங்கள். இரண்டாவது லேனில் ஒரு சுற்றுக்கு 7 மீட்டருக்கும் மேல் கூடிவிடும். டிராக்கின் வளைவுகளும் ஜிபிஎஸ்ஸைக் கொஞ்சம் குழப்பும், ஆகவே தூரத்தைச் சுற்றுகளை எண்ணித் தீர்மானியுங்கள். அப்புறம் ஒரே கருவியில் இருந்துவிடுங்கள். போன மாதம் போனில், இந்த மாதம் வாட்சில் என்று மாறி மாறிப் பார்த்தால் முன்னேற்றம் எது, கருவி மாறியது எது என்று தெரியாமல் போகும்.

கலோரி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செலவான ஆற்றலை நியாயமாக அளக்க முகமூடி மாட்டி, உள்ளே போன ஆக்சிஜனையும் வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2017இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் இருந்ததிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. ஆனால் மூச்சைப் பார்க்காமல் வயது, எடை, துடிப்பு, அசைவு இவற்றை வைத்து ஊகிக்கும் முறை மாறவில்லை. ஓட்டத்துக்கு மட்டும் ஒரு பழைய தோராயம் உண்டு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி. உங்களுக்கு 5 கிலோமீட்டருக்கு 350 வரும். போன் சொன்ன 340 இதற்குப் பக்கத்தில் இருக்கிறது, காரணம் அந்த ஆப் தூரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கும். வாட்ச் 174ஐ நம்பி, நீங்கள் பெரும்பாடு பட்டதாக நினைத்து 470 போட்டிருக்கிறது. சில ஆப்கள் சும்மா இருந்தாலும் செலவாகும் கலோரியையும் சேர்த்துச் சொல்லும், சில சொல்லாது. இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகவே போகாது.

விஓ2 மேக்ஸ் இறங்குவதற்கும் இதே விளக்கம் பொருந்தும். ஆய்வகத்தில் அது தாங்க முடியாத வேகம் வரை ஓடவிட்டு, மூச்சை அளந்து எடுப்பது. வாட்ச் செய்வது, எந்த வேகத்தில் எவ்வளவு துடிப்பு என்று ஒப்பிட்டு ஊகிப்பது. மெதுவான ஓட்டத்துக்கே 174 என்று எழுதிக்கொண்டால், இந்த ஆளுக்குத் தகுதி குறைகிறது என்றுதான் அது முடிவு செய்யும். அதே பாதையில் நேரம் குறைந்திருக்கிறது, பேச்சும் தடையில்லாமல் வருகிறது என்ற உங்கள் சாட்சி அதைவிட ஆயிரம் மடங்கு நேரடியானது. எண் வேண்டும் என்றால் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட சோதனையைச் செய்யலாம்: 12 நிமிடத்தில் முடிந்த அளவு தூரம் ஓடுவது, அவ்வளவுதான். மருத்துவச் சந்தேகம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதையில், ஒரே மாதிரி வெயிலில். தூரம் கூடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ரெக்கவரி ஸ்கோர்தான் இதில் மிகச் சிக்கலானது. அதன் அடியில் இருக்கும் அளவு உண்மையானது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடி கூடிக் குறையும். உடம்பை நிதானப்படுத்தும் நரம்புகள் நன்றாக வேலை செய்யும்போது அந்த ஏற்ற இறக்கம் பொதுவாக அதிகமாக இருக்கும். கடும் பயிற்சி, தூக்கக் குறைவு, மது, காய்ச்சல், மனக்கவலை எல்லாம் அதைக் குறைக்கும். இதை வைத்துப் பயிற்சியை அமைத்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில் தெரிந்த நன்மை சிறியது. அந்த ஆய்வுகளில் பார்த்தது காலையில் எடுத்த நேரடி அளவையும் பல நாள் சராசரியையும். உங்கள் திரையில் வரும் "100க்கு 38" என்பது அந்த அளவோடு தூக்கம், நேற்றைய சுமை என்று பலவற்றை, நிறுவனம் வெளியே சொல்லாத விகிதத்தில் கலந்தது. நேற்றைய சுமையே 174ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது என்றால், மறுநாள் ஓய்வெடு என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன? தூக்க நிலைகளும் அப்படித்தான். எப்போது தூங்கினீர்கள் என்பது ஓரளவு சரியாக இருக்கும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்பதை மூளை அலையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே ஒருநாள் ஸ்கோரை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் வரும் ஓய்வுத் துடிப்பை மட்டும் ஏழு நாள் சராசரியாகப் பாருங்கள். அது வழக்கத்தைவிட ஐந்தாறு கூடி, சில நாள் இறங்காமல் இருந்து, உடம்பும் அசதியாக இருந்தால் அந்த வாரம் குறைத்து ஓடலாம்.

சரி, கருவிகளை இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தால் எதை வைத்துப் பயிற்சியை நடத்துவது? நான் எல்லோரிடமும் கேட்பது ஓட்டத்துக்குப் பிறகு ஒரே ஒரு வரி. முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண் போட்டு, அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 40 நிமிட மெதுவான ஓட்டத்துக்கு 3 என்றால் 120. 30 நிமிட இன்டர்வலுக்கு 8 என்றால் 240. கார்ல் ஃபாஸ்டர் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது. தொழில்முறை அணிகளும் பயன்படுத்துகின்றன. வெறும் உணர்வைப் போய் எழுதுவதா என்று தோன்றலாம். 56 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில், சுமை கூடுவதையும் குறைவதையும் ரத்தப் பரிசோதனை, துடிப்பு போன்ற அளவுகளைவிட வீரர்கள் தாங்களே சொன்ன உணர்வுதான் சீராகக் காட்டியது. ஒரு வாரத்தின் கூட்டுத்தொகை போன வாரத்தைவிட சட்டென்று எகிறுகிறதா என்பதே நான் முதலில் பார்க்கும் இடம். எத்தனை சதவீதம் எகிறினால் காயம் வரும் என்று ஒரு பாதுகாப்பு எல்லையை அடித்துச் சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம். அந்த எல்லைகளின் அடிப்படையைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே பலத்த வாக்குவாதம் நடக்கிறது.

கழற்றி வைக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். தேவையில்லை என்பேன். 2022இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பின்படி, இப்படி ஒரு கருவி அணிபவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள். அது சின்ன விஷயம் இல்லை. எடை குறைப்பில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்: 2016இல் அமெரிக்காவில் இரண்டு வருடம் நடந்த சோதனையில் கருவி அணிந்த குழு 3.5 கிலோ குறைந்தது, அணியாத குழு 5.9 கிலோ. ஏன் அப்படி என்பதற்கு உறுதியான பதில் இல்லை. போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: 10,000 அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிமானியின் பெயரிலிருந்து வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரை பலன் கூடிக்கொண்டு போய், அதற்கு மேல் சமமாகிவிடுகிறது. ஓடாத நாளில் 7,000 வந்தது என்று இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டாம்.

புது வாட்ச் இப்போது வேண்டாம். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் வரை, விலை கூடினாலும் காலடித் தாளத்தின் பிரச்சினை முற்றிலும் போகாது. பணம் செலவழிப்பதாக இருந்தால் நெஞ்சுப் பட்டைக்குச் செலவழியுங்கள். அதுவும் விரல் சோதனையைச் செய்த பிறகு. அடுத்த நான்கு வாரத்துக்கு வாட்சின் கலோரி, ரெக்கவரி, விஓ2 மேக்ஸ் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். வாரத்தின் நான்கு ஓட்டத்தில் மூன்று பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும், ஒன்று மட்டும் கடினமாக. நிமிடம், மதிப்பெண், காலைத் துடிப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விரலால் எண்ணியது எவ்வளவு வந்தது, கேடன்ஸ் கோடும் துடிப்புக் கோடும் ஒட்டிப் போகின்றனவா என்று இதன் கீழே எழுதினால், ஜோன்களை எப்படித் திருத்திப் போடுவது என்று அந்த எண்களை வைத்தே சொல்கிறேன்.